காவிரி டெல்டாவில் குதிரை பழக நினைப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் குதிரை பழக ஆசைப்படுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லோரும் சவாரியைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். என் பதில்களில் பாதி தீனி, குளம்பு, தண்ணீர் பற்றியே இருக்கும். குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவருக்குச் சவாரி சீக்கிரம் வரும் என்பதை நான் முழுமையாக நம்புகிறேன். அதோடு, குதிரை வளர்ப்பு பற்றிக் கிடைக்கும் தகவல்களில் பெரும்பகுதி குளிர்நாட்டுப் புல்வெளிக்கோ ராஜஸ்தானின் வறண்ட மணலுக்கோ பொருந்துவது. நமக்கு வாய்த்தது களிமண்ணும் புழுக்கமும் வைக்கோலும். அதற்கேற்றபடி சில விஷயங்களை மாற்றித்தான் செய்ய வேண்டும்.

டெல்டாவில் சவாரி கற்றுக்கொள்ள எங்கே போவது?

முறையான சவாரிப் பள்ளிகள் சென்னை, கோவை, பெங்களூரு, ஆரோவில் பக்கம்தான் அதிகம். வாராவாரம் போக முடியாதவர்கள், விடுமுறையில் ஒரு வாரமோ பத்து நாளோ தங்கி அடிப்படையைக் கற்றுக்கொண்டு வருவது நல்லது. தவறான பழக்கம் உடம்பில் ஏறிவிட்டால் அதைக் கழற்றுவது கடினம். ஆகவே முதல் சில பாடங்களுக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். கல்லூரி மாணவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. என்.சி.சி.யில் ‘ரீமவுன்ட் அண்டு வெட்டர்னரி’ என்ற குதிரைப் பிரிவு இருக்கிறது. பெரும்பாலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி நடக்கும்.

பராமரிப்பைக் கற்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் ஊர்களில் ரேக்ளா குதிரை வைத்திருப்பவர்கள், கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுபவர்கள் இருக்கிறார்கள். காலையில் போய் லாயம் கூட்டித் தருகிறேன், தேய்த்து விடுகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்பவர்கள் குறைவு. அப்படித் தொடங்குவதுதான் மிகச் சிறந்த தொடக்கம் என்பேன்.

முதல் நாளே ஏறிவிடலாமா?

ஏறலாம், யாராவது கயிற்றைப் பிடித்து நடத்திச் சென்றால். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் உண்டு. குதிரையை லாயத்திலிருந்து கூட்டி வருவது, கட்டுவது, நான்கு குளம்பையும் தூக்கிச் சுத்தம் செய்வது, உடம்பைத் தேய்ப்பது, சேணம் கட்டுவது. இவற்றைச் செய்யும்போது குதிரைக்கு எங்கே வலிக்கிறது, எங்கே தொட்டால் பிடிக்கவில்லை, இன்று அதன் மனநிலை என்ன என்பதெல்லாம் தெரிந்துவிடும். முதுகில் சிறு புண் இருப்பது ஏறி உட்கார்ந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

பக்கத்தில் போனால் உதைக்காதா?

குதிரைக்குக் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச இடமும் வாலுக்கு நேர் பின்னால் கொஞ்ச இடமும் மட்டும் தெரியாது. பெரும்பாலான உதைகள் அந்தப் பின்பக்கத்தில் சத்தமில்லாமல் போய் நின்றதால் வந்தவை. அதனால் பேசிக்கொண்டே, இடது தோள் பக்கமாக நெருங்குங்கள். பின்னால் சுற்றிப் போக வேண்டுமென்றால், ஒன்று உடம்பை ஒட்டி, கையை அதன் முதுகில் வைத்துக்கொண்டே போக வேண்டும். இல்லையென்றால் இரண்டு ஆள் தூரம் விலகிப் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் ஆபத்து.

காதைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். முன்னால் நிமிர்ந்திருந்தால் எதையோ கவனிக்கிறது. பக்கவாட்டில் தொங்கினால் ஓய்வாக இருக்கிறது. பின்னால் பிடரியோடு ஒட்டி மடங்கினால் எச்சரிக்கிறது. கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மாடு பிடித்துப் பழகிய கைக்கு இது தானாக வரும் பழக்கம். மிரண்ட குதிரை விரலைப் பிய்த்துவிடும். கட்டும்போது ஒரு இழுப்பில் அவிழும் உருவு முடிச்சு போடுங்கள். கடிவாளத்தைப் பிடித்துக் கட்டவே கூடாது. தலைக்கயிற்றில்தான் கட்ட வேண்டும்.

நம் ஊர்ச் சீதோஷ்ணம் குதிரைக்கு ஒத்துவருமா?

பழைய கேள்வி இது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தமிழகக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகளை இறக்குமதி செய்ததையும், அவற்றில் பெரும்பாலானவை அடுத்த ஆண்டுக்குள் செத்துப்போனதையும் எழுதியிருக்கிறார். குதிரையைப் பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் இல்லை என்றும், சோற்றோடு இறைச்சியைச் சமைத்துத் தீனியாகப் போட்டார்கள் என்றும் அவர் சொல்கிறார். அவர் சொன்னதில் மிகை இருக்கலாம். ஆனாலும் வெயிலை மட்டும் குற்றம் சொல்லாமல் தீனியையும் கவனிப்பையும் காரணமாகக் காட்டியது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

குதிரை தன் உடம்புச் சூட்டை முக்கியமாக வியர்வையால்தான் தணிக்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாது, சூடும் இறங்காது. மார்வாரி, கத்தியவாரி போன்ற இனங்கள் வெயிலுக்குப் பேர் போனவை. ஆனால் அவை பழகியது வறண்ட வெயில், நம் புழுக்கம் வேறு. சில குதிரைகள், குறிப்பாக வறண்ட அல்லது குளிர்ந்த இடங்களிலிருந்து வந்தவை, புழுக்கத்தில் சில மாதம் இருந்தபின் வியர்ப்பதையே நிறுத்திவிடும். வேலை செய்தும் தோல் உலர்ந்திருக்கிறது, மூச்சு மட்டும் வாங்குகிறது என்றால் உடனே நிறுத்தி மருத்துவரைக் கேளுங்கள்.

ஓட்டுகிறவர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்கு உண்டு. வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டிலும் காற்றின் ஈரப்பதத்தைச் சதவீதத்திலும் எடுத்துக் கூட்டுங்கள். 130-க்குக் கீழே என்றால் கவலையில்லை. 150-ஐத் தாண்டினால் கவனம் வேண்டும். 180-க்கு மேல் என்றால் ஓட்டவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் டெல்டாவில் விடியற்காலையில்கூட 82 டிகிரி, 85 சதவீதம் என்று 167 வந்துவிடும். ஆக நமக்குக் கோடை முழுவதும் எச்சரிக்கைக் காலம்தான். வெயில் ஏறுவதற்கு முன் அரை மணி நேரம், பெரும்பாலும் நடையிலேயே ஓட்டுங்கள்.

முடித்ததும் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, கையால் வழித்துவிட்டு, மறுபடி ஊற்றுங்கள். சூடான குதிரைமேல் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் நரம்பு பிடித்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியில்லை, தண்ணீர் ஊற்றாமல் விடுவதுதான் ஆபத்து.

மாட்டுக்குப் போடும் வைக்கோலும் தவிடும் போதாதா?

டெல்டாவில் குதிரை வளர்ப்பவர்கள் செய்யும் பிழைகளிலேயே பெரியது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாட்டுக்கு நான்கு அறை வயிறு. அசைபோட்டு, நுண்ணுயிர்களை வைத்து வைக்கோலைக்கூடச் சத்தாக்கிவிடும். குதிரைக்குச் சின்ன வயிறு, அசைபோடாது, நார்ச்சத்தைப் பெருங்குடலில் வைத்துப் புளிக்கச் செய்து எடுக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க மேய்வதற்கென்றே அமைந்த உடம்பு. எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை உலர் தீனி தேவை. 350 கிலோ குதிரைக்கு ஐந்தேகால் முதல் ஏழு கிலோ. பசும்புல்லாகக் கொடுத்தால், அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால், 35 கிலோ வரை வெட்ட வேண்டியிருக்கும்.

நெல் வைக்கோலில் சத்து குறைவு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதைவிடக் குறைவு. ஆக்சலேட் என்ற பொருள் வேறு அதில் அதிகம். நம் ஊரில் எல்லோரும் நடும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லிலும் அதே ஆக்சலேட் உண்டு. இது தீனியிலுள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. இதற்கு மேல் அரிசித் தவிட்டைச் சேர்த்தால், அதிலுள்ள பாஸ்பரஸ் இன்னும் கால்சியத்தைத் தள்ளிவிடும். அப்போது உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவத் தொடங்கும். காரணம் தெரியாமல் நொண்டும், ஒரு கால் மாற்றி ஒரு கால் நொண்டும், கொஞ்ச நாளில் தாடையெலும்பும் முகமும் வீங்கும். வைக்கோல், நேப்பியர், தவிடு ஆகிய மூன்றும் சேர்ந்தால் டெல்டாக் குதிரைக்கு இந்த ஆபத்து எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது.

மாற்று நம் ஊரிலேயே இருக்கிறது. வரப்பில் கிடக்கும் அருகம்புல்தான் உலகம் முழுக்கக் குதிரைகளுக்கு வைக்கோலாகக் காயவைக்கப்படும் புல்வகைகளில் ஒன்று. பூச்சிமருந்து அடித்த வயல் வரப்பில் மட்டும் அறுக்காதீர்கள். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் கடலைக்கொடி கிடைக்கும். பயறுவகைச் செடி என்பதால் கால்சியம் நன்றாக உண்டு. பூஞ்சணம் பிடிக்காததாகப் பார்த்து, மண் உதறிப் போடுங்கள். வேலிமசால் வரப்போரமாக நடலாம். குதிரைமசால் இவற்றில் உயர்ந்தது, ஆனால் தண்ணீர் தேங்கும் களிமண்ணில் வேர் அழுகிவிடும். மேட்டுநிலம் இருந்தால் முயன்று பாருங்கள். வைக்கோலை வயிற்றை நிரப்பும் துணைத்தீனியாகக் கொஞ்சம் போடலாம். எந்த மாற்றத்தையும் ஏழு முதல் பத்து நாளில் படிப்படியாகச் செய்யுங்கள்.

மாட்டுத்தீவன மூட்டையிலிருந்து ஒரு படி எடுத்துப் போடலாமா?

வேண்டாம். மாட்டுக்கும் கோழிக்கும் தயாரிக்கும் சில தீவனங்களில் மோனென்சின் என்ற மருந்து சேர்ப்பதுண்டு. மாட்டுக்கு அது நல்லது. குதிரையின் இதயத்தை அது அழித்துவிடும், சிறிய அளவிலேயே.

கொள்ளு எவ்வளவு போடலாம்?

நல்ல தீனிதான். ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுங்கள். பச்சையாகச் செரிப்பது கடினம். சும்மா நிற்கும் குதிரைக்கு நல்ல புல் இருந்தால் கொள்ளே தேவையில்லை. வேலைக்கேற்ப ஒன்று, ஒன்றரை கிலோ, அதுவும் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. சவாரிக்கு முன் ஒரு மணி நேரத்துக்குள் தானியம் வைக்காதீர்கள். கொள்ளைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, குதிரை துள்ளுகிறது, அடங்கவில்லை என்று சொல்பவர்கள் நிறைய.

தண்ணீரும் உப்பும்?

நாளுக்கு 20 முதல் 40 லிட்டர், கோடையில் அதற்கும் மேல். தொட்டி எப்போதும் நிறைந்திருக்கட்டும். கடலோர ஊர்களில் போர்த் தண்ணீர் உப்பு கரிக்கும்; குதிரை குடிக்காமல் நிற்கும், அதனாலேயே வயிற்றுவலி வரும். நல்ல தண்ணீருக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் குதிரையைக் கொண்டுவர வேண்டும். வியர்வையில் உப்பு போகிறது என்பதால் தினமும் 30 கிராமாவது சமையலுப்பு, வேலை செய்யும் நாளில் இரண்டு மடங்கு, தீனியோடு கலந்து கொடுங்கள்.

மாட்டுப் பொங்கலன்று குதிரைக்கும் பொங்கல் ஊட்டலாமா?

வாசம் பிடிக்கும் அளவு ஒரு கவளம் கொடுங்கள், மனம் நிறையட்டும். பானையைக் காட்டிவிடாதீர்கள். மாவுச்சத்தும் வெல்லமும் திடீரென்று மிகுதியாகப் போனால் பெருங்குடலில் புளித்து வயிற்றுவலி வரும். குளம்புக்குள் அழற்சி வந்து நிற்கவே முடியாமலும் போகலாம். அந்தக் குளம்பு அழற்சி வந்து தப்பிய குதிரைகூடப் பழையபடி ஓடுவது அரிது.

வேலியில் உள்ள எந்தச் செடிகள் ஆகாது?

அரளி கொல்லும்; கோயில் நந்தவனம், சாலை நடுவே எல்லாம் இருப்பதால் எப்போதும் கண் வைத்திருங்கள். ஆமணக்கு விதையும் அப்படித்தான். ஆட்டுக்கு ஒடித்துப்போடும் சவுண்டல் தழையை அதிகம் தின்றால் பிடரிமயிரும் வால்மயிரும் உதிரும். இளஞ்சோளப் பயிரும் வேண்டாம்.

சேற்றில் குளம்பு என்ன ஆகும்? லாடம் கட்டாயமா?

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாக் குதிரையின் குளம்பு தினம் தினம் ஊறுகிறது. குளம்பின் அடியில் முக்கோணமாக, ரப்பர் மாதிரி மெத்தென்ற பகுதி இருக்கும். ஈரமும் லத்தியும் சேர்ந்தால் அங்கே கறுப்பாக, அழுகல் நாற்றத்தோடு கசியும். ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. ஆரம்பத்தில் தினமும் கிளறிச் சுத்தம் செய்து, காயவைத்து, மருத்துவர் சொல்லும் மருந்தைத் தடவினால் போய்விடும். விட்டால் உள்சதை வரை அரிக்கும்.

லாயத்தின் தரையைச் சுற்றுமுற்றும் உள்ள மண்ணைவிட ஒரு அடியாவது உயர்த்திக் கட்டுங்கள். சிறுநீர் வடிய வாட்டம் வேண்டும். நாளில் சில மணி நேரமாவது உலர்ந்த தரையில் நிற்க வேண்டும். குளம்பைச் சுத்தம் செய்யும்போது குதிகாலிலிருந்து முன்முனையை நோக்கிக் கிளறுங்கள். தலைகீழாகச் செய்தால் மெத்தைப்பகுதியில் கொக்கி குத்திவிடும்.

குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளரும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை செதுக்க வேண்டும். வண்டிமாட்டுக்கு லாடம் அடிப்பவர் ஊரில் இருக்கிறாரே என்பார்கள். மாட்டின் குளம்பு பிளந்தது, லாடமும் இரண்டு துண்டு. குதிரைக்கு ஒரே வளையம், கோணமும் ஆணி இறங்கும் இடமும் முற்றிலும் வேறு. தெரியாதவர் ஒரு ஆணியை அரை விரல் தள்ளி அடித்தால் போதும், குதிரை மாதக்கணக்கில் நொண்டும். ரேக்ளாக்காரர்களிடம் கேட்டால் குதிரை லாடம் தெரிந்தவர் எந்த ஊரிலிருந்து வருகிறார் என்று சொல்வார்கள். பக்கத்துக் குதிரைக்காரர்களோடு சேர்ந்து ஒரே நாளில் வரவழைத்தால் செலவும் பகிரும்.

மண்பாதையிலும் படுகையிலும் மட்டும் ஓடும் குதிரைக்கு லாடம் பெரும்பாலும் தேவைப்படாது. தார்ச்சாலை வேலை உண்டென்றால் தேவை.

உடம்பு சரியில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நன்றாக இருக்கும் நாளில் அளந்து எழுதி வையுங்கள். ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல்சூடு 99 முதல் 101.5 டிகிரி. தாடையெலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை லத்தி போடும். நான் காலையில் லாயத்துக்குள் போனதும் முதலில் பார்ப்பது முகத்தை இல்லை, தரையில் எத்தனை குவியல் கிடக்கிறது என்பதைத்தான்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் வயிற்றில் வாயுவோ அடைப்போ வந்தால் வெளியேற வழியில்லை. குதிரைகளின் சாவுக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இந்த வயிற்றுவலி. முன்காலால் தரையைப் பறிக்கும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுத்து எழும், புரளும், தீனியைத் தொடாது. இப்படிக் கண்டால் தீனியை எடுத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அமைதியாக நின்றால் நிற்க விடுங்கள். புரளப் பார்த்தால் மெதுவாக நடத்துங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மாட்டுக்குச் செய்வது போல மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றித் தொண்டைக்குள் விடாதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கும். வயிற்றுவலியில் பிழைத்திருக்கும் குதிரை நுரையீரல் அழற்சியில் போய்விடும். எண்ணெய் தேவையென்றால் மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் செலுத்துவார்.

கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. ஒரத்தநாட்டில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குதிரை வாங்குவதற்கு முன்பே உங்கள் பகுதி மருத்துவரைப் போய்ப் பாருங்கள். நம் பக்கம் அவர்களுக்கு மாடும் ஆடும்தான் அன்றாடம். குதிரை பார்த்து அனுபவம் உள்ளவர் யார் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

தடுப்பூசியும் பரிசோதனையும் என்னென்ன?

டெட்டனஸ் ஊசி ஆண்டுதோறும். இந்த நோய்க்குக் குதிரையைப் போல எளிதில் பலியாகும் விலங்கு குறைவு. ஒரு முள் குத்தினாலே போதும். தெருநாய்கள் அதிகம் என்பதால் ரேபிஸ் ஊசியும் போடுங்கள். குடற்புழுவுக்கு லத்தியைப் பரிசோதித்த பிறகு மருந்து கொடுப்பது சரி.

மழைக்காலத்தில் கடிக்கும் பெரிய மாட்டு ஈக்கள் சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோயைப் பரப்பும். விட்டுவிட்டுக் காய்ச்சல், மெலிவு, கால்களிலும் அடிவயிற்றிலும் வீக்கம் என்றால் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிளாண்டர்ஸ் இன்னும் கடுமை. மூக்கில் சளியும் தோலில் கட்டிகளும் வரும், மனிதருக்கும் தொற்றும். உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டும் என்பதே நடைமுறை. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தில் இதற்கான ரத்தப் பரிசோதனை நடக்கிறது. அந்தச் சான்று இல்லாமல் வெளியூர்க் குதிரையை உங்கள் லாயத்தில் கட்டாதீர்கள்.

ட்ராட் என்ற மெல்லோட்டத்தில் தூக்கித் தூக்கிப் போடுகிறதே, எப்படிச் சமாளிப்பது?

நடையில் குதிரை நாலு காலையும் ஒவ்வொன்றாக வைக்கும். ஆடுவது சுகமாக இருக்கும். ட்ராட்டில் இடது முன்காலும் வலது பின்காலும் சேர்ந்து, அப்புறம் வலது முன்காலும் இடது பின்காலும் சேர்ந்து விழும். ஒவ்வொரு விழுகைக்கும் முதுகு ஒரு எத்து எத்தும். ஒரு எத்துக்கு எழுந்து, அடுத்ததற்கு உட்கார வேண்டும். எழுவது என்றால் நின்றுவிடுவது இல்லை. தொடையிலிருந்து இடுப்பைக் கொஞ்சம் முன்னால் விட்டால் குதிரையே தூக்கிவிடும். கூட்டமான டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று பழகியவர்களுக்கு இந்தத் தளர்ச்சி சீக்கிரம் வருகிறது.

உட்காரும்போது காது, தோள், இடுப்பு, குதிகால் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். குதிகால் கீழே இறங்கியிருக்கட்டும். கடிவாளத்தைப் பிடித்துச் சமநிலை தேடாதீர்கள். நீங்கள் தொங்குவது அதன் வாயில். அதனால்தான் நல்ல ஆசிரியர்கள் தொடக்கத்தில் நீளக்கயிற்றில் குதிரையை வட்டமாக ஓடவிட்டு, உங்கள் கைக்குக் கடிவாளமே தராமல் பழக்குகிறார்கள். அதைவிட வேகமான கேன்டர் ஓட்டம் எப்போது என்று கேட்பார்கள். கைகளை விட்டுவிட்டு ட்ராட்டில் சிரித்துப் பேச முடிகிற நாளில்.

முரட்டுக் குதிரைக்கு முள் கடிவாளம் போடச் சொல்கிறார்களே?

போடாதீர்கள். முள்ளும் கூர்மையும் உள்ள கடிவாளம் 1965-ஆம் ஆண்டின் இழுவை, பொதி விலங்கு விதிகளின்படியே தடைசெய்யப்பட்டது. நாக்கும் வாயோரமும் கிழிந்த குதிரை வலியிலிருந்து தப்பத்தான் ஓடுகிறது. முரடு என்று சொல்லப்படும் குதிரையில் பல்லையும் முதுகையும் சேணத்தையும் முதலில் பாருங்கள். கன்னப்பற்கள் தேயும்போது ஓரம் கூர்மையாகி வாயைக் கிழிப்பதுண்டு. ஆண்டுக்கு ஒருமுறை அரம் போட்டு மழுக்க வேண்டும்.

நான் 80 கிலோ. மட்டக்குதிரை தாங்குமா?

தாங்காது. சேணத்தோடு சேர்த்து, குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. 220 கிலோ மட்டக்குதிரைக்கு 44 கிலோ. அது பிள்ளைகளுக்கானது. உங்களுக்கு 450 கிலோவுக்குக் குறையாத குதிரை வேண்டும்.

என்ன உடுப்பு?

குதிரைச் சவாரிக்கென்று செய்த தலைக்கவசம். பைக் ஹெல்மெட் கனம், கழுத்துக்கு ஆகாது. சைக்கிள் ஹெல்மெட் போதாது. சிறு குதிகால் உள்ள, அடிப்பக்கம் வழுவழுப்பான ஷூ. செருப்போடு அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையம்) கால் வைத்தால் பாதம் முழுதும் உள்ளே நழுவிவிடும். விழுந்தால் குதிரை உங்களை இழுத்துக்கொண்டு ஓடும்.

டெல்டாவில் எங்கே ஓட்டலாம்?

காலத்தைப் பொறுத்தது. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி வந்துவிட்டால் குறுவை நடவு, அப்புறம் சம்பா, தாளடி என்று வயல் பக்கம் போக வழியில்லை. ஆற்றங்கரை மண்பாதைகளும் வாய்க்கால் கரைகளும்தான். மழை பெய்தால் கரைமண் வழுக்கும்; நடையோடு நிறுத்துங்கள்.

தை அறுவடைக்குப் பிறகு வயல் வெறுமையாகத் தெரியும். ஏமாறாதீர்கள். தாளில் உளுந்தும் பயறும் விதைத்திருப்பார்கள். ஒரு சுற்று ஓடினால் ஒரு குடும்பத்தின் உழைப்பு போச்சு. பங்குனிக்கு மேல் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பில் குளம்பு மாட்டினால் கால் முறியும். ஆகவே வயலை நான் எந்த மாதத்திலும் சிபாரிசு செய்வதில்லை.

கோடையில் கொள்ளிடம், வெண்ணாறு மணல் ஆசை காட்டும். ஆழமான உலர்மணலில் ஓட்டினால் தசைநார் கிழியும், நடை மட்டும். மணல் அள்ளிய பள்ளங்கள் உள்ள இடத்தை முதலில் காலால் நடந்து பாருங்கள். பூம்புகார், தரங்கம்பாடி பக்கம் அலை வந்து நனைத்த கெட்டி மணல் நல்ல தளம். கூட்டமில்லாத விடியலில், வலை உலர்த்துகிறவர்களுக்கு இடைஞ்சலில்லாமல் போங்கள்.

மிரண்டு ஓடினால்?

இரண்டு கையாலும் பின்னால் இழுத்துத் தொங்காதீர்கள். அது உங்களோடு மல்லுக்கட்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு பக்கக் கடிவாளத்தை இழுத்தும் தளர்த்தியுமாக வட்டமாகத் திருப்புங்கள். வட்டத்தைச் சிறிதாக்கினால் வேகம் குறையும். வாய்க்கால் கரை மாதிரி குறுகிய இடத்தில் திருப்ப முடியாது. அங்கே பழகாத குதிரையைக் கொண்டுபோகாமல் இருப்பதே வழி.

ரேக்ளா குதிரையில் சவாரி பழகலாமா?

தை மாதம் திருக்கடையூர் எல்கைப் பந்தயத்தில் கரிச்சான், நடுக்குதிரை, பெரிய குதிரை என்று பிரிவு பிரிவாக ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு ஆசை வரத்தான் செய்யும். நல்ல வளர்ப்பு, நல்ல தைரியம் உள்ள குதிரைகள். ஆனால் அவை பின்னாலிருந்து வரும் குரலுக்கும் கயிற்றுக்கும் ஓடப் பழகியவை. முதுகில் எடையும் விலாவில் காலும் பட்டால் என்ன அர்த்தம் என்று தெரியாது. மறுபயிற்சி கொடுத்து, அனுபவசாலி ஓட்டிய பிறகு ஏறுங்கள். அவற்றைப் பராமரிக்கப் பழகுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

கோடியக்கரைக் காட்டில் திரியும் குதிரைகளைப் பிடித்துப் பழக்கலாமா?

கூடாது. 1967-இல் அறிவிக்கப்பட்ட வனவிலங்குச் சரணாலயம் அது. வெளிமான்களோடு அந்த மட்டக்குதிரைகளும் தலைமுறையாகத் தானாக வாழ்கின்றன. ஆனால் பார்க்கப் போங்கள். ஒரு கூட்டம் எப்படி மேய்கிறது, யார் முன்னே போகிறார், காதும் வாலும் என்ன பேசுகின்றன என்பதைத் தொலைவிலிருந்து அரை நாள் பார்த்தால் லாயத்தில் ஒரு வருடம் கற்பது கிடைக்கும்.

பெண்கள், நாற்பதைத் தாண்டியவர்கள்?

ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் சமமாக மோதும் விளையாட்டு குதிரையேற்றம். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரெஸ்ஸாஜ் என்ற குதிரை நடைப் போட்டியில் குழுத் தங்கம் வென்ற நம் நால்வரில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங் இருவரும் பெண்கள். நாற்பதில் தொடங்கலாம். முதுகுத்தண்டில் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேளுங்கள்.

சொந்தமாக வாங்கலாமா? சுழி பார்க்க வேண்டுமா?

ஒரு கோடை, ஒரு மழைக்காலம் வேறொருவர் குதிரையைப் பார்த்துக்கொண்ட பிறகு வாங்குங்கள். ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போனால் பல இனங்களைப் பக்கத்தில் பார்க்கலாம். முதல் தடவை பணமில்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சுழி விலையைக் கூட்டும் குறைக்கும் என்பது உண்மை. அதற்குமேல் மயிர் சுழன்ற திசை குடும்பத்தை வாழவைக்கும், கவிழ்க்கும் என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. சுழியால் விலை குறைந்த நல்ல குதிரை கிடைத்தால் தயங்காமல் வாங்குவேன். கெட்டித்தரையில் ட்ராட் ஓடவிட்டுத் தலை ஆடுகிறதா பாருங்கள். நொண்டும் காலைத் தலை காட்டிக்கொடுக்கும். வாயைத் திறந்து பாருங்கள். ஐந்து வயதுக்குள் எல்லா முன்பற்களும் விழுந்து முளைத்திருக்கும். மேல்வரிசை ஓரப்பல்லில் நீளவாட்டில் பள்ளக்கோடு தொடங்கியிருந்தால் வயது பத்தை நெருங்குகிறது. புதியவர்களுக்கு எட்டு முதல் பதினைந்து வயது வரையுள்ள, காயடித்த ஆண் குதிரையோ சாந்தமான பெண் குதிரையோ ஏற்றது. குட்டி வாங்கிக் கூடவே வளரலாம் என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். இருவருக்கும் ஒன்றும் தெரியாமல் ஆகிவிடும்.

லத்தியை என்ன செய்வது?

நாளுக்கு 15 கிலோவுக்கு மேல் சேரும். லாயத்துக்குத் தள்ளி, மேடான இடத்தில் குவித்து, வைக்கோல் கழிவோடு மக்க வையுங்கள். உள்ளே நன்றாகச் சூடேறும், அந்தச் சூட்டில் புழுமுட்டையும் களைவிதையும் பெருமளவு சாகும். மூன்று நான்கு மாதத்தில் தோட்டத்துக்குப் போடலாம். கேட்டு வாங்கிப் போக ஆட்கள் வருவார்கள். பச்சை லத்தியைக் குதிரைக்குப் புல் வெட்டும் நிலத்தில் போடாதீர்கள். லத்தியில் டெட்டனஸ் கிருமி இருக்கும், ஆகவே கையில் காயம் இருந்தால் உறை போட்டுக்கொண்டு அள்ளுங்கள். உங்கள் டெட்டனஸ் ஊசியையும் விட்டுவிடாதீர்கள்.